தகடு அண்ணாச்சி பயந்த பயம்

தகடு அண்ணாச்சி பயப்படாத ஒரு பொருள் இந்த உலகத்தில் இருக்கிறது என்றால், அது இன்னும் சங்கரன்கோவிலுக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

ரயிலடிக்குப் போகிற ரோட்டில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். ஒயர், சுவிட்ச், ஃபேன், மோட்டார் எல்லாம் விற்பார். ஆனால் கரண்ட் என்றால் மனுஷருக்கு உயிர் போகிற பயம். கடையில் லைட் போடுவதற்கென்றே ஒரு மர ஸ்கேல் உண்டு. ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, கையை நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு ஸ்கேல் நுனியால் சுவிட்சைத் தட்டுவார். வாங்க வந்தவர்கள் பல்பை எரியவிட்டுக் காட்டச் சொன்னால் கோபம் வந்துவிடும். "எரியும்வே! கம்பெனிக்காரன் பொய்யா சொல்லப்போறான்? வீட்டுல போயி நீரே எரிச்சுப் பாரும்" என்பார்.

அவர் வீட்டு மாடியில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். அப்போது எனக்குத் தொழில் இன்சூரன்ஸ். பயந்தவர்களை நம்பித்தானே எங்கள் பிழைப்பு! இப்படி ஒரு வீட்டுக்காரர் கிடைத்தாரே என்று குடிபோன அன்றைக்கே பாலிசி பேச்சை எடுத்தேன். அண்ணாச்சி பின்னாலேயே நகர்ந்து போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்.

"நல்லா இருக்குவே! நான் செத்தா இவ்வளவுன்னு எழுதி அதுல நானே கையெழுத்தும் போடணுமா? எமன் அதைப் படிச்சிட்டு சும்மா இருப்பானா?"

அதற்குப் பிறகு நான் கையில் பையோடு படியிறங்கினால் கதவைச் சாத்திக்கொள்வார். அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், ஜன்னல் வழியாகச் சிரிப்பார். "தம்பி, நான் கல்யாணத்தன்னைக்குத் தாலி கட்ட வந்த ஆளைப் பாத்தேன். கை நடுங்குது. ஏங்க பயப்படுதியன்னு கேட்டா, ஹோமத்துல வேட்டி பத்திக்கிடுமோங்காரு!"

'தகடு' என்ற பட்டம் எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். எங்கள் ஊர்க் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் பாம்போ தேளோ கண்ணில் பட்டால், ஒரு சின்னத் தகட்டில் அந்த ஜந்துவின் உருவத்தைப் பதித்து வாங்கி உண்டியலில் போடுவோம். பிறகு அது வீட்டை அண்டாது என்று நம்பிக்கை. நானே போட்டிருக்கிறேன், குளியலறையில் தேள் வந்ததற்காக. ஊரெல்லாம் விஷ ஜந்துக்களோடு நிறுத்திக்கொண்டது. அண்ணாச்சி நிறுத்தவில்லை.

"பயந்த சாமானை உருவமாச் செஞ்சி சாமிகிட்ட ஒப்படைச்சா அது நம்மள ஒண்ணும் செய்யாது. பாம்புக்கும் தேளுக்கும் மட்டுந்தான்னு சாமி வந்து உம்மகிட்ட சொல்லிச்சா?" என்று என்னையே மடக்குவார்.

ஆகவே தெருநாய்க்கு ஒரு தகடு போட்டார். தண்ணீர் லாரிக்கு ஒன்று. கடைக்கு எதிரே இருந்த டிரான்ஸ்பார்மருக்கு ஒன்று. தேரடிப் பக்கம் பட்டறை வைத்திருந்த ஆசாரி, அண்ணாச்சியின் தலை தெருமுனையில் தெரிந்தாலே எழுந்து நிற்பார். மரியாதைக்காக இல்லை, பின்வாசல் வழியாகப் போய்விடலாமா என்று பார்ப்பார்.

இந்த மனிதர்தான் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கப் பொறுப்பேற்றார். அதையும் பயத்தில்தான் ஏற்றார்.

பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை ஒரு நாள் கடைக்கு வந்தார். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பிள்ளை, பெயர் கோமதி, பத்தாவதில் அருமையான மார்க். அப்பா ஆடு மேய்க்கிறவர். மேலே படிக்க வைக்க ஆள் இல்லாவிட்டால் பிள்ளையைப் பஞ்சு மில்லுக்கு வேலைக்கு அனுப்பிவிடுவார். புத்தகம், டியூஷன், அப்புறம் காலேஜ், ஹாஸ்டல் என்று படித்து முடிக்கிறவரை யாராவது தாங்கிக்கொள்ளவேண்டும். "உங்களால முடியாதுன்னா பரவாயில்ல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு டீச்சர் ஒரு பெருமூச்சு விட்டார்.

அந்தப் பெருமூச்சு போதும். அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. "பாடம் சொல்லிக் குடுக்குத டீச்சர் மனசு கசந்து மூச்சு விட்டா, குடும்பமே பட்டுப்போயிரும்வே" என்று என்னிடம் பிற்பாடு சொன்னார். டீச்சரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சாதுவான பிள்ளைதானே?"

மறுநாள் கோமதி அவள் அப்பாவோடு வந்தாள். ஒல்லி. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. சிரிப்பே இல்லாமல் ஆளை நேராகப் பார்க்கிற கண். அவளுடைய அப்பா துண்டை இடுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார். அண்ணாச்சி மர ஸ்கேலை மேஜையில் வைத்துவிட்டுப் பெரிய மனுஷராக உட்கார்ந்தார்.

"என்ன மக்கா ஆகணும்னு ஆச?"

"கால்நடை டாக்டர், பெரியப்பா."

"கால்நடைன்னா, கோழி குஞ்சு, அந்த மாதிரியா?"

"மாடு, எருமை, நாய், குதிரை எல்லாந்தான். யானைக்கும் அவங்கதான் பாக்கணும்."

அண்ணாச்சியின் கை தானாகவே ஸ்கேலைத் தேடியது. "ஏட்டி, மனுஷ டாக்டருக்குப் படியேன். மனுஷன்னா கடிக்க மாட்டாம்லா?"

"சில பேரு கடிப்பாவ, பெரியப்பா."

நான் சிரித்துவிட்டேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. பேங்க் வேலையைப் பற்றி வர்ணிக்க ஆரம்பித்தார். ஏசி, கண்ணாடித் தடுப்பு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் ஜனங்கள். கோமதி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஒரு மழையில எங்க ஆடு பூராம் கழிஞ்சி கழிஞ்சி செத்துட்டு. டாக்டர் வந்து சேருததுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு. எங்கப்பா ஒரு குட்டிய மடியில வச்சிக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாரு. நான் மாட்டு டாக்டருக்குத்தான் படிப்பேன்."

வாசலில் நின்றவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்கு மேல் பேங்கைப் பற்றி யார் பேசுவது? அண்ணாச்சி தலையாட்டினார். அன்றைக்கு அவர் பெரியப்பா ஆனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாவத்துக்கு நானும் செலவில்லாமல் சித்தப்பா ஆனேன்.

அதோடு தொடங்கியது ஆசாரியின் கஷ்டகாலம். கோமதி தினமும் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரவேண்டும் என்பதால் முதலில் ஒரு பஸ். "பாம்புக்கு அச்சு இருக்கு, தேளுக்கு இருக்கு. பஸ்ஸுக்கு நான் எங்கன போவேன் அண்ணாச்சி?" என்று ஆசாரி கெஞ்சினார். கடைசியில் ஒரு டப்பாவுக்குச் சக்கரம் வைத்தமாதிரி ஏதோ அடித்துக் கொடுத்தார். அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிரேக் எங்கவே?" என்றார்.

அடுத்து இயற்பியல். அந்தப் பாடம் கஷ்டமாக இருக்கிறது என்று கோமதி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள். இவர் பட்டறைக்கு ஓடிவிட்டார். இயற்பியலுக்கு எது உருவம் என்று ஆசாரியும் அவரும் ஒரு மத்தியானம் முழுக்க விவாதித்தார்கள். நான் சமாதானம் பண்ணப் போனேன். கடைசியில் கேள்வித்தாளைச் செய்வது என்று முடிவாயிற்று. ஆசாரி ஒன்றுமே பதிக்காத வெறும் தகட்டை நீட்டினார்.

"என்னல இது? ஒண்ணையும் காணோம்?"

"என்ன கேள்வி வரும்னு நமக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

அண்ணாச்சிக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போயிற்று. பயபக்தியோடு வாங்கிக்கொண்டு போனார்.

கணக்கு வாத்தியார் விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டார். அவர் முரட்டு மீசைக்காரர், வகுப்பில் சத்தம் போடுகிறவர். மீசையோடு அவர் உருவமும் உண்டியலுக்குப் போயிற்று. ஆசாரி வாய் சும்மா இருக்குமா? ஊர் பூராவும் பரவிவிட்டது. ஒரு சாயங்காலம் வாத்தியாரே கடை வாசலில் வந்து நின்றார். அண்ணாச்சி கல்லாவுக்கு அடியில் போய்விட்டார்.

"என்னையத் தேளு கூடச் சேத்து உண்டியல்ல போட்டியளாமே? நான் என்ன கொட்டுனேனா, கடிச்சேனா?"

கல்லாவுக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "பகைன்னு போடல சார். பயம்னு போட்டேன்."

வாத்தியாருக்கு அதற்கு மேல் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. மீசை ஆட ஆடச் சிரித்துவிட்டு, வந்ததற்கு ஒரு டியூப் லைட் வாங்கிக்கொண்டு போனார். கோமதிக்குக் கணக்கில் சந்தேகம் வந்தால் ஸ்டாஃப் ரூமுக்கே வரச் சொல்லிவிட்டாராம். "பாத்தீராவே? தகடு வேலை செஞ்சிட்டு" என்றார் அண்ணாச்சி.

பதினோராம் வகுப்பு இப்படியே போனது. சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். கோடை விடுமுறையில் அந்தச் செய்தி வந்தது.

கிராமத்தில் கோமதிக்குப் பக்கத்து வீட்டுப் பசு கன்று போட முடியாமல் கிடந்திருக்கிறது. இவள் போய் ஒத்தாசை செய்திருக்கிறாள். வலியில் பசு உதைத்துவிட்டது. கை முறிந்து, நெற்றி கிழிந்து, சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அண்ணாச்சியும் நானும் போனோம். சட்டையில் காய்ந்த ரத்தத்தோடு பெஞ்சில் படுத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, "கன்னுக்குட்டி நல்லா இருக்கு பெரியப்பா" என்றாள்.

அண்ணாச்சி பயந்து நான் பார்த்தது கொஞ்சமா நஞ்சமா? ஆனால் அன்றைக்கு இருந்தது வேறு. உதடு நீலமாகிவிட்டது. கை நடுங்கவில்லை, மரக்கட்டையாக நின்றுவிட்டது. அவரைப் பார்த்து எனக்கே பயம் வந்து, தோளைப் பிடித்துக்கொண்டேன்.

கட்டுப் போட்டு முடிந்ததும் அவளிடம் சொன்னார். "மக்கா, இது வேண்டாம். வாத்தியார் வேலைக்குப் படி, பேங்குக்குப் படி, எது கேட்டாலும் நான் படிக்க வைக்கேன். மாடு மட்டும் வேண்டாம். ஒருநாள் இல்லாட்டா ஒருநாள் உன்னையக் கொன்னுரும். என்னால அதைப் பாக்க முடியாது."

"அப்ப விட்டிருங்க பெரியப்பா" என்றாள் கோமதி. கோபமே இல்லை. "எனக்கு அதுதான் படிப்பு. உங்களப் பயமுறுத்திக்கிட்டு நான் படிக்க வேண்டாம்."

இரண்டு பேரும் அவ்வளவுதான் பேசினார்கள். அவள் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

பள்ளிக்கூடம் திறந்தது. கோமதி வரவில்லை. அண்ணாச்சி கடையில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பயத்தையும் வெளியே சொல்லவில்லை. லாரி போனால் பயந்து காலைத் தூக்கிக்கொள்கிறவர், இப்போது அதுகூடச் செய்யவில்லை. சோறு இறங்கவில்லை. மதினிக்குப் பொறுக்கவில்லை.

"இப்ப எதுக்கு முகத்தை இப்படி வச்சிருக்கிய? மாடும் இல்ல, பிள்ளையும் இல்ல. இனும நிம்மதியா இருங்களேன்" என்றார். அண்ணாச்சி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

அந்த வாரமே தலைமையாசிரியை கடைக்கு வந்தார். கோமதியின் அப்பா மில்லுக்குச் சொல்லிவிட்டாராம். கைக்கட்டும் பிரித்தாயிற்று. நாளைக்கு வேன் வந்து கூட்டிக்கொண்டு போகிறதாம். டீச்சர் இந்தத் தடவை பெருமூச்சு விடவில்லை. சொல்லிவிட்டு அப்படியே போய்விட்டார்.

"மில்லுல மாடு கிடையாதுல்லாவே?" என்றார் அண்ணாச்சி என்னிடம். குரல் தேய்ந்துபோயிருந்தது.

எனக்கு எரிச்சலாக வந்தது. "மாடு கிடையாது. பஞ்சுத் தூசி உண்டு, மிஷின் உண்டு. படிப்பு கிடையாது. அங்கன போன பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பாது அண்ணாச்சி. நீங்க நெனச்ச மாதிரி பத்திரமா இருக்கும், போங்க."

அவர் செருப்பை மாட்டினார். தேரடியைப் பார்த்து நடந்தார். அடடா, மில்லுக்கும் தகடு அடிக்கப்போகிறார் என்று தலையில் அடித்துக்கொண்டே பின்னால் போனேன். ஆசாரியும் அப்படித்தான் நினைத்தார்.

"வாங்க அண்ணாச்சி. மில்லுதானே? கேள்விப்பட்டேன். புகைக்கூண்டு வச்சா, வைக்காமயா?"

"மில்லு இல்ல. ஆளு."

"மறுபடியும் கணக்கு சாரா? வேண்டாம் அண்ணாச்சி, இப்பத்தான் எங்கூடப் பேச ஆரம்பிச்சிருக்காரு."

"என்னையச் செய்யி."

ஆசாரி என்னைப் பார்த்தார். நான் ஆசாரியைப் பார்த்தேன்.

"அந்தப் பிள்ளைக்கு இப்ப விஷ ஜந்து நாந்தாம்ல" என்றார் அண்ணாச்சி. கண் கலங்கியிருந்தது. "மாடு உதைச்சதுக்குக் கட்டுப் போட்டாச்சு, கூடிட்டு. நான் கடிச்சதுக்கு என்ன மருந்து இருக்கு? செய்யிலே."

ஆசாரி ஒரு தகட்டை எடுத்து வைத்துக்கொண்டு, சுத்தியலைக் கையில் பிடித்தபடி அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "வயித்தக் கொஞ்சம் குறைச்சிப் போட்டிரவா?"

"உள்ளது உள்ளபடி போடு. சாமிக்கு அடையாளம் தெரியாண்டாமா?"

அப்படியே செய்தார். வழுக்கை, தொப்பை, வேட்டி எல்லாம் இருந்தது. கோவிலுக்குள் அண்ணாச்சி என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். உண்டியல் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தார். தகடு உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் தானே விழுந்தமாதிரி "அம்மா!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த அம்மாள் பயந்து நகர்ந்துவிட்டார்.

"வாரும். பஸ்ஸுக்குப் போவோம்" என்றார் வெளியே வந்து.

நான் அவர் வீட்டில் குடியிருந்த காலத்தில் அவர் பஸ் ஏறிப் பார்த்ததில்லை. ஏறினார். கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் "முருகா, மெதுவாலே" என்று கத்த, டிரைவர் கண்ணாடியில் முறைத்துக்கொண்டே வந்தார். இறங்கின இடத்திலிருந்து காட்டுப்பாதை. ஆட்டுக்கிடை தெரிகிற தூரத்திலேயே நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தன. ஆடு காக்கிற நாய்கள், சும்மா விடுமா? அண்ணாச்சி என் முதுகுக்குப் பின்னால் வந்து சட்டையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் நடையை நிறுத்தவில்லை. என்னைத் தள்ளிக்கொண்டே முன்னால் போனார். எனக்குத்தான் கால் வரவில்லை. எனக்கு மட்டும் நாய்ப் பயம் கிடையாதா?

கோமதி ஓடிவந்து நாய்களை அதட்டினாள். அண்ணாச்சி என் முதுகிலிருந்து வெளியே வந்தார். ஒரு நாய் விடாமல் வந்து அவர் காலை முகர்ந்தது. ஆடாமல் நின்றார். வேட்டி மட்டும் நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பார்த்து நாயே சந்தேகப்பட்டு விலகிப் போயிற்று.

"மக்கா" என்றார். "எனக்குப் பயம் போகல. போகவும் போகாது. நான் பாட்டுக்குப் பயந்துக்கிட்டு இருக்கேன், நீ பாட்டுக்குப் படி. எனக்காவ நீ விடாண்டாம்."

கிடையிலிருந்து வந்த கோமதியின் அப்பா கையைப் பிசைந்தார். "நாளைக்கு மில்லு வேன் வருதே அண்ணாச்சி. வாரேன்னு சொல்லிட்டனே."

"வேனைத் திருப்பி அனுப்பு. வேன்னாலும் எனக்குப் பயந்தான்."

அப்போதுதான் கோமதி சிரித்தாள். நான் அவள் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே தாவணி நுனியால் கண்ணைத் துடைத்தாள். மறுநாள் காலையில் வேன் வந்து காலியாகப் போயிற்று என்றும், பிள்ளை பள்ளிக்கூடத்துப் பஸ்ஸில் ஏறிவிட்டாள் என்றும் டீச்சர் வந்து சொன்னபோது அண்ணாச்சி கடையில் லைட் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்கேல் கை தவறிக் கீழே விழுந்துவிட்டது.

கோமதி இப்போது வடக்கே ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். ஹாஸ்டலில் இருக்கிறாள். மற்றப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து போன் வந்தால் "சாப்பிட்டியா?" என்று கேட்பார்களாம். இவளுக்கு அண்ணாச்சியிடமிருந்து சாயங்காலம் தவறாமல் போன் வரும். "எதுவும் கடிச்சிச்சா?" என்று கேட்பார். இல்லை என்றால் "உதைச்சிச்சா?" அதுவும் இல்லை என்றால்தான் மூச்சு விடுவார்.

போன மாதம் ஒரு நாள் எனக்குக் கோமதியிடமிருந்து போன். "சித்தப்பா, பெரியப்பா இன்னைக்குப் பேசல. நான் கூப்பிட்டாலும் போன் அணைஞ்சி கிடக்கு. பெரியம்மாவும் எடுக்கல. கொஞ்சம் போய்ப் பாருங்களேன்." குரல் உடைந்துபோயிருந்தது. நான் இப்போது வேறு தெருவில் இருக்கிறேன். செருப்பு போட்டேனா இல்லையா என்று தெரியாது, ஓடினேன். இந்த மனுஷரைக் கேலி பேசியே காலத்தை ஓட்டினவன் நான். அந்தத் தெருவைத் தாண்டுவதற்குள் கும்பிடாத சாமி இல்லை.

அண்ணாச்சி கடையில் குத்துக்கல்லாக உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"ஏன்வே இப்படி ஓடியாரீரு? நெஞ்சு நின்னு போனா என்ன செய்வீரு?"

"உங்க போன் எங்க?" என்றேன் மூச்சிரைக்க.

"போன் வெடிக்குதுன்னு டிவியில சொன்னான். உம்ம மதினி போனையும் என்னுதையும் அணைச்சி, ஈரச் சாக்குல சுத்தி கொல்லையில வச்சிருக்கேன்."

நான் என் போனில் கோமதியைக் கூப்பிட்டேன். எடுத்ததும் அழுகைச் சத்தம். அண்ணாச்சி முறுக்கைப் போட்டுவிட்டு, வெடிக்கும் என்று சொன்ன அதே போனை என் கையிலிருந்து பிடுங்கிக் காதில் ஒட்டவைத்துக்கொண்டார்.

"என்ன மக்கா, ஏன் அழுத? மாடு முட்டிட்டா?"

"இல்ல பெரியப்பா. நீங்க பேசலன்னு பயந்துட்டேன்."

வாழ்நாள் பூராவும் தானே எல்லாவற்றுக்கும் பயந்து பழகிய மனுஷர். தனக்காக இன்னொருவர் பயந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். அப்புறம் நான் ஒரு நாளும் அவர் வாயால் கேட்டிராத ஒரு வார்த்தையைச் சொன்னார்.

"பயப்படாத மக்கா. நான் இருக்கேம்லா."

கடைப் படியில் உட்கார்ந்தேன். எனக்கும் அப்போதுதான் பயம் தெளிந்தது.